கடலில் தலைகீழாகப் பாயும் கேனட் பறவை குருடாகிச் சாகிறதா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளைப் பறவை ஒன்று கடலுக்கு மேலே வட்டமிடுகிறது. திடீரென்று தலைகீழாகத் திரும்பி, இறக்கையை ஒடுக்கிக்கொண்டு, எறிந்த ஈட்டி மாதிரி தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. பார்க்க அற்புதமாகத்தான் இருந்தது. அடியில் எழுதியிருந்ததுதான் பிரச்சினை. ஒவ்வொரு முறை பாயும்போதும் தண்ணீர் கண்ணில் அறைந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதாம். முழுக்கக் குருடான பிறகு மீன் பிடிக்க முடியாமல் பட்டினியால் சாகிறதாம். குஞ்சுகளுக்காகக் கண்ணையே கொடுக்கும் தியாகப் பறவையாம். சித்தப்பா உடனே கைகூப்பினார். அத்தை அழும் பொம்மையைப் போட்டார்.

இந்தக் கதைக்கு ஓர் அண்ணன் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. 40 வயதில் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் அடித்து உடைத்து, நகத்தைப் பிடுங்கிப் போட்டு, புது அலகு முளைத்து இன்னும் 30 வருடம் வாழும் கழுகின் கதை. அலகு இல்லாத கழுகு எப்படிச் சாப்பிடும் என்று யாரும் கேட்பதில்லை. பறவையில் ஆரம்பித்து மனிதனுக்கு உபதேசத்தில் முடியும் எந்தக் கதையையும் நான் ஒரு தடவை சந்தேகப்பட்டுவிட்டுத்தான் நம்புவேன்.

ஆனால் கேனட் கதையை வாட்ஸ்அப் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பறவை வாழும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்கூட இதை நிஜமென்று நம்புகிறவர்கள் நிறைய. நம்பத் தோன்றுவதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வேகத்தில் நாம் விழுந்தால் என்ன ஆவோம் என்று யோசிக்கிறோம் அல்லவா? அந்தப் பறவைக்கு ஏன் அப்படி ஒன்றும் ஆவதில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆளை முதலில் பார்த்துவிடுவோம்

கேனட் என்பது மூன்று இனங்களுக்குப் பொதுப் பெயர். வட அட்லாண்டிக்கில் ஒன்று, தென்னாப்பிரிக்கக் கரையோரம் ஒன்று, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் ஒன்று. பெரியது வட அட்லாண்டிக் கேனட். இந்தக் கட்டுரையில் கேனட் என்று சும்மா சொன்னால் அதைத்தான் சொல்கிறேன்.

எடை ஏறத்தாழ 3 கிலோ, ஒரு நல்ல சேவல் அளவு. ஆனால் இறக்கையை விரித்தால் நுனிக்கு நுனி 1.8 மீட்டர் வரை வரும். நம் ஊர்க் குளத்தின் மேல் பறக்கும் செம்பருந்தை விட அரை மீட்டருக்கு மேல் அதிகம். உடம்பு வெள்ளை, இறக்கை நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு, தலையில் மஞ்சள் பூசியது போல ஒரு நிறம். கண் வெளிர்நீலம். இந்தக் கண் நிறத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நம் கரைகளில் கேனட் கிடையாது. அதன் நெருங்கிய சொந்தமான பூபி என்ற பறவைகள் இந்தியப் பெருங்கடலில் உண்டு. பருவக்காற்றில் அடிபட்டு, முகத்தில் கறுப்பு முகமூடி போட்டது போன்ற ஒரு பூபி இந்தியாவின் மேற்குக் கரையிலும் இலங்கையிலும் எப்போதாவது களைத்துப் போய் ஒதுங்கும். அதுவும் இப்படித்தான் கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும்.

பாய்மூழ்கல் என்றால் என்ன?

மீன் தின்னும் பறவைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கொக்கு நின்று காத்திருக்கும். நீர்க்காகம் தண்ணீரில் மிதந்துகொண்டே முக்குளிக்கும். பாம்புத்தாரா தண்ணீருக்குள் நீந்திப் போய் மீனைக் குத்தும். மீன்கொத்தி மட்டும் கம்பியில் உட்கார்ந்திருந்து சட்டென்று விழும். இப்படி உயரத்திலிருந்து விழுந்து, விழுகிற வேகத்தைக் கொண்டே தண்ணீருக்குள் புகுந்து இரை பிடிப்பதைப் பாய்மூழ்கல் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரையில் ஆலாக்கள் செய்வதும் இதுதான்.

ஆலாவும் மீன்கொத்தியும் லேசான பறவைகள். விழுவதும் சில மீட்டர்தான், மூழ்குவதும் கொஞ்சம்தான். கேனட் 3 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு 10, 20, சில சமயம் 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. 30 மீட்டர் என்றால் பத்து மாடிக் கட்டடம்.

எவ்வளவு வேகம்?

இங்கேதான் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியல் போதும், நாமே போட்டுப் பார்க்கலாம். காற்றின் தடையை மறந்துவிட்டால், 10 மீட்டரிலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 20 மீட்டர் என்றால் 71. 30 மீட்டர் என்றால் 87. உயரம் மூன்று மடங்கானால் வேகம் மூன்று மடங்காவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆய்வாளர்கள் சொல்லும் வினாடிக்கு 24 மீட்டர் என்ற உச்ச வேகமும் இந்த 87-ஐ ஒட்டித்தான் வருகிறது. எல்லோரும் சொல்லும் 'மணிக்கு 100' வேண்டுமென்றால் ஏறக்குறைய 40 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாய்ச்சலும் 100 கிலோமீட்டர் வேகம் என்பது கொஞ்சம் உப்பிய கணக்கு. ஆனால் 87 மட்டும் சாதாரணமா? நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம் அது. 30 மீட்டரைக் கடந்து விழ ஆகும் நேரம் இரண்டரை வினாடி.

விழுகிற நேரத்தில் பறவை கல் மாதிரி சும்மா விழுவதில்லை. இறக்கையைப் பாதி மடக்கி, அதையே சுக்கான் போலத் திருப்பித் திருப்பி மீன் நகரும் பக்கம் தன்னையும் நகர்த்துகிறது. தண்ணீரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பு இறக்கை முழுவதும் பின்னால் போய் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் மடக்கினால் குறி தவறும். தாமதித்தால் இறக்கை எலும்பு முறியும். அந்த நொடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எதிரே பேருந்து வரும்போது அதன் வேகம் என்ன, தூரம் என்ன என்று நாம் கணக்குப் போடுவதில்லை. கண்ணில் அதன் உருவம் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்தே ஒதுங்கிவிடுகிறோம். கேனட்டும் கீழே பெரிதாகிக்கொண்டே வரும் கடலைப் பார்த்து இப்படித்தான் நேரம் கணிக்கிறது என்று 1981-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது.

தண்ணீர் ஏன் அடிக்கிறது?

கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நேராக, கைகளை முன்னால் நீட்டி, ஊசி மாதிரி இறங்கினால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் சாய்ந்து வயிறு பட்டுவிட்டால் அன்றைக்கு முழுவதும் வயிறு சிவந்து எரியும். அதே உயரம், அதே தண்ணீர். வித்தியாசம் ஒன்றுதான், எவ்வளவு அகலமான பரப்பு ஒரே நேரத்தில் தண்ணீரில் மோதுகிறது என்பது.

தண்ணீர் காற்றை விட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. விழுகிற பொருளுக்கு இடம் கொடுக்க அது விலக வேண்டும், விலக நேரம் வேண்டும். மெல்லிய கூர்முனை முதலில் நுழைந்தால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொடுக்கும். அகலமான பரப்பு அறைந்தால் விலக நேரமில்லாமல் சுவர் போல நிற்கும்.

கேனட்டின் முன்பாதியே ஒரு கூம்புதான். நீண்ட கூர் அலகு, அலகின் தொடர்ச்சி போலவே மெல்லத் தடிக்கும் தலை, அப்புறம் கழுத்து, அப்புறம் மார்பு. கல்லில் செருகும் உளி மாதிரி முனையிலிருந்து சீராக அகலமாகிக்கொண்டே போகிறது. மோதல் ஒரே அடியாக விழாமல் நீண்டு பரவுகிறது. கண் எங்கே இருக்கிறது? அலகு தண்ணீரைப் பிளந்து ஒதுக்கிய பிறகு, பின்னால். தண்ணீர் கண்ணில் 'அறைகிறது' என்ற கற்பனை இங்கேயே பாதி ஆட்டம் கண்டுவிடுகிறது.

கழுத்துதான் உண்மையான ஆபத்து

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, இரண்டு முனைகளையும் விரல்களுக்கு நடுவே வைத்து அமுக்கிப் பாருங்கள். நசுங்காது, சட்டென்று பக்கவாட்டில் வளைந்துகொள்ளும். நீளமும் ஒல்லியுமான எதையும் இரண்டு முனையிலிருந்தும் அழுத்தினால் இதுதான் நடக்கும். இதை நெளிவு என்று சொல்வோம். அதே ஈர்க்குச்சியை ஓர் அங்குலத்துக்கு ஒடித்துக்கொண்டு அமுக்கினால் அவ்வளவு எளிதில் நெளியாது.

கேனட் தண்ணீரைத் தொடும்போது முதலில் வேகம் குறைவது தலைக்கு. 3 கிலோ உடம்பு இன்னும் முழு வேகத்தில் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது நீளமான, ஒல்லியான கழுத்து. ஈர்க்குச்சியின் நிலைமைதான். கழுத்து நெளிந்தால் கதை முடிந்தது.

2016-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு இதைச் சோதனைக்கூடத்தில் பார்த்தது. இறந்த கேனட் ஒன்றை வைத்து உடலமைப்பை அளந்தார்கள். மண்டையோட்டின் நகலை முப்பரிமாண அச்சில் எடுத்துத் தண்ணீரில் விட்டார்கள். கூம்புக்குப் பின்னால் வளையக்கூடிய குச்சியை ஒட்டி, எந்த வேகத்தில் நெளிகிறது, எதில் நெளிவதில்லை என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அலகின் கூர்மை, கழுத்தின் நீளம், கழுத்துத் தசையின் வலு மூன்றும் சேர்ந்து, பறவை உண்மையில் பாயும் வேகங்களில் கழுத்து நெளியாத எல்லைக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. பறவை சும்மா இருக்கும்போது கழுத்து வளைந்து கிடக்கும். பாயும்போது தசைகளை இறுக்கி அதை நேராக, விறைப்பான கம்பாக்கிவிடுகிறது.

இது போதாதென்று முகத்திலும் மார்பிலும் தோலுக்கும் தசைக்கும் நடுவே காற்றுப் பைகள். புது மிக்சி வாங்கினால் பெட்டிக்குள் சுற்றி வருமே, விரலால் அமுக்கி அமுக்கி வெடிக்கத் தோன்றும் குமிழ்த் தாள், அதே ஏற்பாடு. அடியை வாங்கிக்கொண்டு உள்ளே போக விடாது. மீனைப் பிடித்த பிறகு மேலே வரவும் இந்தக் காற்று உதவும்.

அப்புறம் மூக்கு. கிணற்றில் குதிக்கும்போது பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். கேனட்டுக்குப் பிடித்துக்கொள்ள மூக்குத் துவாரமே வெளியில் கிடையாது. வாயோரமாக மூச்சு விடுகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கூம்பு வடிவம் மோதலைப் பரப்புகிறது, இறுகிய தசை கழுத்தைக் காக்கிறது, காற்றுப் பைகள் மிச்ச அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. இத்தனைக்கும் நடுவில் கண்ணுக்கு என்ன ஆகிறது?

கண்ணுக்கு நடப்பது

கண்ணுக்கு இரண்டு சிக்கல்கள். ஒன்று தண்ணீருக்கு மேலே, இன்னொன்று உள்ளே.

குடத்துக்குள் விழுந்த காசு, கிடக்கும் இடத்தை விட மேலே கிடப்பது போலத் தெரியும். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது திசை மாறுவதால் வருவது இது. இதற்கு ஒளிவிலகல் என்று பெயர். சாய்வாகப் பார்த்தால் காசு பக்கவாட்டிலும் இடம் மாறித் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் ஆழத்தில் மட்டும்தான் ஏமாற்றம், திசை சரியாக இருக்கும். மீனுக்கு மேலே வந்து கிட்டத்தட்ட செங்குத்தாக விழும் பறவைக்கு இந்தத் தொல்லை பாதி குறைந்துவிடுகிறது. இரண்டு கண்களாலும் அலகுக்கு நேர் முன்னால் உள்ளதைப் பார்க்க முடிவதால் தூரமும் கணிக்க வருகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவாரசியம். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் கலங்கலாக இருக்கும். தண்ணீர் அழுக்கு என்பதால் அப்படியில்லை. நம் கண்ணில் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் பெரும்பங்கு கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கருவிழிப்படலத்துடையது. காற்றிலிருந்து அதற்குள் நுழையும்போதுதான் ஒளி நன்றாக வளையும். தண்ணீரிலிருந்து நுழைந்தால் அவ்வளவு வளையாது, ஏனென்றால் அந்தப் படலமும் ஏறத்தாழ தண்ணீர் மாதிரிதான். அதனால் பிம்பம் குவியாமல் போகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் மறுபடி காற்று வந்துவிடுகிறது, தெளிவாகத் தெரிகிறது.

கேனட் கண்ணாடி போடுவதில்லை. கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. காற்றுக்கு ஒரு வடிவம், தண்ணீருக்கு இன்னொரு வடிவம். நியூசிலாந்தில் வாழும் இனத்தைத் தண்ணீருக்கடியில் படமெடுத்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மாற்றத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடிதான் ஆகிறது என்று காட்டியது. இலக்கண வகுப்பில் மாத்திரை என்று படித்தோமே, கண் இமைக்கும் நேரம், அதுவேதான். வானத்தில் பறக்கும் கண்ணாக இருந்தது ஒரு மாத்திரை நேரத்தில் மீனின் கண்ணாகிவிடுகிறது. எனக்கு இந்தப் பறவையிடம் மிகவும் பிடித்த விஷயம் அந்தப் பாய்ச்சலை விட இதுதான்.

பாய்ந்த வேகம் பறவையைச் சில மீட்டர், அதிகம் போனால் பத்து மீட்டர் வரை கொண்டுபோகும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் இறக்கையையும் காலையும் அடித்து நீந்துகிறது. வட அட்லாண்டிக் கேனட்டுகள் 20 மீட்டருக்கு மேலும் இறங்கியது பதிவாகியிருக்கிறது. இங்கே இன்னொரு தப்பான எண்ணத்தையும் ஓரமாக வைத்துவிடலாம். அலகால் மீனைக் குத்திக் கோத்து எடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். குத்துவது பாம்புத்தாராவின் வேலை. கேனட் அலகைத் திறந்து கவ்வுகிறது, நீந்தித் துரத்தியும் கவ்வுகிறது. சின்ன மீனென்றால் தண்ணீருக்குள்ளேயே விழுங்கிவிடும். தீனியில் இது கெட்டிக்காரப் பறவை. ஆங்கிலத்தில் ஒருவரைக் கேனட் என்று கூப்பிட்டால் பெருந்தீனிக்காரன் என்று அர்த்தம்.

அப்படியானால் குருடாவது?

வளையம் மாட்டிய ஒரு வட அட்லாண்டிக் கேனட் 37 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது பதிவில் இருக்கிறது. பேச்சுக்கு ஒரு நாளைக்குப் பத்து பாய்ச்சல் என்று வைத்தாலே ஒரு லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு பாய்ச்சலும் கண்ணைக் கொஞ்சம் தின்றால் அந்தப் பறவை அத்தனை வருடம் எதைப் பார்த்துப் பிடித்துத் தின்றது?

பட்டினியால் சாகும் கேனட்டுகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதில் கதைக்கு நேர் எதிராக இருப்பது வயது. சாவு மிக அதிகம் முதல் ஆண்டில்தான், ஆயிரக்கணக்கில் பாய்ந்து தேய்ந்துபோன கிழட்டுப் பறவைகளிடம் இல்லை. இன்னும் சரியாகப் பாயத் தெரியாத குஞ்சுகள்தான் அதிகம் சாகின்றன. அது ஏன் என்று புரிய அவற்றின் ஊருக்குப் போக வேண்டும்.

பாறை ஊர்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபோர்த் கடற்கழிமுகத்தில் பாஸ் ராக் என்று ஒரு பாறைத் தீவு. பிப்ரவரி வாக்கில் அதன் கரும்பாறை வெள்ளையாக ஆரம்பிக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர் எச்சம் என்று நினைக்கக்கூடும். எச்சமும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பறவைகள்தான். 2014-இல் எண்ணியபோது 75,259 கூடுகள். உலகத்திலேயே பெரிய கேனட் குடியிருப்பு அப்போது அதுதான். இந்த இனத்தின் அறிவியல் பெயரிலேயே பாஸ் இருக்கிறது: மோரஸ் பஸ்ஸானஸ்.

கூடுகள் நெருக்கமாக, ஆனால் ஒரு கணக்கோடு இருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து கழுத்தை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரனைக் கொத்த எட்டுமா எட்டாதா என்ற இடைவெளி, முக்கால் மீட்டருக்குச் சற்று மேல். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இந்தச் சண்டையும் சமாதானமும் புரியும். கூட்டை ஒரு நிமிடம் காலியாக விட்டால் பக்கத்தில் இருப்பது புல்லையும் பாசியையும் உருவிக்கொண்டு போய்விடும். அதனால் ஜோடியில் ஒன்று எப்போதும் காவல். வெளியே போனது திரும்பி வந்தால் இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு நின்று அலகோடு அலகு உரசிக்கொள்ளும். கிளம்பப் போகிறது என்றால் அலகை நேரே வானத்தைப் பார்த்து உயர்த்தும். 'நான் போறேன், நீ பாத்துக்கோ' என்பதற்கு அதுதான் சைகை.

வைப்பது ஒரே முட்டை. கோழி வயிற்றின் இறகில்லாத தோலால் முட்டையைச் சூடாக்கும். கேனட்டுக்கு அந்த வசதி இல்லை. நான்கு விரல்களையும் சேர்த்து இணைக்கும் அகன்ற சவ்வுக் காலை முட்டையின் மேல் போர்த்திச் சூடாக்குகிறது. முட்டையை மிதித்துக்கொண்டு நிற்கிறது என்றே சொல்லலாம். குஞ்சு பொரிக்கும் நேரம் நெருங்கியதும் முட்டையைக் காலுக்கு மேலே மாற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் வெடித்த ஓட்டோடு குஞ்சும் நசுங்கிவிடும். அடைகாப்பது சுமார் 44 நாள்.

அப்புறம் மூன்று மாதம் ஊட்டல்தான். கானாங்கெளுத்தியும் ஹெர்ரிங்கும் தின்று குஞ்சு பெற்றோரை விடக் கனமாகிவிடும், 4 கிலோவைத் தொடும். பிறகு ஒரு நாள் தனியாகப் பாறை விளிம்புக்கு நடந்து போய்க் குதிக்கும். கூட யாரும் வருவதில்லை. பறப்பது பாதி, விழுவது பாதியாகக் கடலில் இறங்கும். மறுபடி எழும்ப முடியாது, கனம் அவ்வளவு. ஒன்றிரண்டு வாரம் நீந்திக்கொண்டே தெற்கே போகும். சேர்த்து வைத்த கொழுப்பு கரையக் கரைய உடம்பு லேசாகும், இறக்கை தூக்கும். கொழுப்பு தீர்வதற்குள் பாயக் கற்றுக்கொள்ள வேண்டும், சொல்லித்தர ஆள் இல்லை. நான் முன்னே சொன்ன கூம்பு, கழுத்து, கண் எல்லாம் பிறப்போடு வந்துவிடும், மீன் எங்கே கூடும், எப்போது இறக்கையை மடக்க வேண்டும் என்ற பழக்கம் அப்படி வராது. முதல் வருடத்துச் சாவுக்கு இது பெரிய காரணம். தப்பியவை மேற்கு ஆப்பிரிக்கக் கடல் வரை போய், வருடா வருடம் கரும்பழுப்பு இறகு வெளுத்து, ஐந்து வயதில் முழு வெள்ளையாகும்.

இந்தக் கொழுத்த குஞ்சுக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் குகா என்று பெயர். லூயிஸ் தீவின் நெஸ் பகுதி ஆட்கள் சூலா ஸ்கெய்ர் என்ற ஆளில்லாப் பாறைக்குப் போய், அரசு அனுமதியோடு குகா பிடித்து உப்புக்கண்டம் போட்டு வருவது பல நூற்றாண்டுப் பழக்கம். அனுமதி நெடுங்காலம் வருடத்துக்கு 2,000 குஞ்சுகள் வரை. வேண்டாம் என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. கருவாடு ருசித்தவர்களுக்கு அதன் வாசனையைக் கற்பனை செய்வது கஷ்டமாக இருக்காது.

கடலைப் பங்கு போட்டுக்கொள்ளுதல்

பெரிய பறவைகள் உணவு தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் வரும். மீன் கூட்டம் இருப்பது எப்படித் தெரியும்? ஆலாக்கள் கூடும் இடத்தைப் பார்த்து நம் கடலோடிகள் வலை வீசுவது போல, ஒரு கேனட் பாய்வதைப் பார்த்து மற்றவை வந்து சேர்கின்றன. இருண்ட கடலின் மேல் அந்த வெள்ளை உடம்பு வெகு தூரத்துக்குத் தெரியும். பந்தி போட்ட சேதி மாதிரி பரவிவிடும்.

2013-இல் வந்த ஓர் ஆய்வு பிரிட்டன், அயர்லாந்தைச் சுற்றியுள்ள 12 குடியிருப்புகளின் பறவைகளில் கருவி கட்டிப் போகும் வழியைப் பதிவு செய்தது. பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புப் பறவைகள் பெரும்பாலும் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று போவதே இல்லை. கடலில் வேலி கிடையாது, காவலும் கிடையாது. ஒரு பகுதி எந்தக் குடியிருப்புக்குக் கிட்டமோ அந்த ஊர்ப் பறவைகள் அங்கே நிறைய இருக்கும், தூரத்து ஊரிலிருந்து வருகிறவைக்குக் கட்டுப்படியாகாது. போய்ப் போய்ப் பழகியது அப்படியே வழக்கமாகிவிடுகிறது.

கண் நிறம் மாறிய வருடம்

பாய்ச்சல் கொல்லாத இந்தப் பறவையைக் கொல்வது வேறு. வேல்ஸ் நாட்டின் கிராஸ்ஹோம் தீவில் கேனட்டுகள் பாசி என்று நினைத்து அறுந்த நைலான் கயிறுகளைக் கூட்டுக்குக் கொண்டுவருகின்றன. அங்குள்ள கூடுகளில் மொத்தம் சுமார் 18 டன் பிளாஸ்டிக் இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. குஞ்சுகளின் கால் அதில் சிக்கிக்கொள்கிறது. பருவம் முடிகிற நேரத்தில் ஆட்கள் போய்க் கயிற்றை அறுத்து விடுகிறார்கள்.

2022-இல் வந்தது பறவைக் காய்ச்சல். நெருங்கி வாழ்வதன் விலை அப்போது தெரிந்தது. பாஸ் ராக்கில் வளர்ந்த பறவைகள் கூட்டிலேயே செத்துக் கிடந்தன. அடுத்த வருடம் எண்ணியபோது 75 ஆயிரம் இருந்த இடத்தில் 51,844 கூடுகள்.

அந்தக் கோடையில் பாறையைக் கவனித்தவர்களுக்கு ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. சில பறவைகளின் வெளிர்நீலக் கண் கறுப்பாகியிருந்தது. சிலவற்றில் முழுக் கறுப்பு, சிலவற்றில் மை தெளித்த மாதிரி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கறுங்கண் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காய்ச்சல் வந்து போனதற்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. அதாவது நோய் வந்து பிழைத்தவை.

கேனட்டின் கண்ணுக்கு ஏதோ ஆகிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள், கடைசியில் கண்ணுக்கு ஒன்று ஆகத்தான் செய்தது. அதைச் செய்தது கடல் இல்லை, ஒரு வைரஸ். சித்தப்பாவுக்கு இதை எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. அதன் கீழேயே கழுகு வீடியோவும் வந்தது.